கேட்கிறவர் இல்லாத மொழி

நான் வேலை பார்ப்பது நாகூருக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில். தலைமை ஆசிரியரும் நானும் என்று இரண்டே பேர். ஐந்து வகுப்புகளையும் எங்களுக்குள் பிரித்துக்கொள்கிறோம். எங்கள் பிள்ளைகளில் பலர் காலை மணி அடிப்பதற்கு முன்பே ஒரு சுற்று ஓதி முடித்தவர்கள். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் மதரஸாவில் குர்ஆன் ஓதிவிட்டு, தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அப்படியே வந்துவிடுவார்கள். கடற்கரைத் தெருப் பிள்ளைகளில் சிலருக்குக் கந்த சஷ்டி கவசம் முழுக்க மனப்பாடம். மாதா கோயிலுக்குப் போகும் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி ஜெபமாலையை ஒரு மணி விடாமல் சொல்வாள். அரபியில் ஒரு வரியும் அவர்களுக்குப் புரியாது. கவசத்தில் பாதி புரியாது. ஜெபத்தில் வரும் பெரிய சொற்களும் புரியாது. இந்த வாய்கள்தான் பிறகு என் முன்னால் உட்கார்ந்து ஆங்கிலப் பாட்டையும் புரியாமல் சொல்கின்றன.

இதில் எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி. பொருள் தெரியாமல் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வருவது பேச்சா, வெறும் ஓசையா? ஓசைதான் என்றால் விடியற்காலையில் மதரஸாவில் நடப்பதையும் ஓசை என்றே சொல்ல வேண்டும். பேச்சுதான் என்றால் என் வகுப்பில் நடப்பதையும் பேச்சு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டில் எதைச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. முன்னது அந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குச் செய்யும் அவமரியாதை. பின்னது நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் பொய்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பள்ளிக்கு யார் பார்வைக்கு வந்தாலும் அவளைத்தான் முன்னால் நிறுத்துவோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ‘மை நேம் இஸ்’ என்று தொடங்கி, அப்பா பெயர், அம்மா பெயர், வகுப்பு, ஊர், பிடித்த நிறம், பிடித்த பழம் என்று மூச்சு விடாமல் சொல்லி, ‘தேங்க் யூ’ என்று முடிப்பாள். ஒருமுறை வந்திருந்த அம்மையார், அவள் பாதியில் இருக்கும்போதே பிரியமாகக் குனிந்து, ‘ஹூ டிட் யுவர் ஹேர்?’ என்று கேட்டார். அன்று அவளுக்கு இரட்டைச் சடை, கனகாம்பரம். பிள்ளை நின்றுவிட்டாள். அவள் கண் என்னிடம் வந்தது, திரும்ப அவரிடம் போனது. பிறகு ‘மை நேம் இஸ்’ என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்த அம்மையார் அவளோடு பேச வந்தார். அவளோ அதுவரை யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை. அவள் முன்னால் ஆள் இருந்தார்கள், கேட்கிறவர் இல்லை.

இன்னொரு நாள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்த ஒரு தாயிடம் அவர் மகனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பையன் இரண்டாம் வகுப்பு. பாட்டெல்லாம் நன்றாகச் சொல்கிறான், ஆனால் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியவில்லை என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவன் ஓதுறதுக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியாதுதான் டீச்சர். கேக்குறவனுக்குத் தெரியும்ல?” என்றார்.

அவர் என் பேச்சை மறுப்பதற்காகச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதற்காகத்தான் சொன்னார். ஆனால் நான் தேடிக்கொண்டிருந்த பதிலின் பாதி அதில் இருந்தது.

இது பழைய வழக்கு. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் வேதச் சொற்களுக்கு விளக்கம் எழுதிய யாஸ்கர், தம் நிருக்தத்தின் தொடக்கத்திலேயே கௌத்ஸர் என்பவரின் வாதத்தைப் பதிந்து வைத்திருக்கிறார். மந்திரங்களுக்குப் பொருளே கிடையாது என்பது கௌத்ஸரின் கட்சி. அவர் காட்டும் காரணங்களில் ஒன்று என்னை உலுக்கியது: மந்திரத்தில் ஒரு சொல்லை மாற்ற முடியாது, முன்பின்னாக வைக்க முடியாது, பொருளுள்ள பேச்சில் சொற்களை மாற்றலாம், இடம் பெயர்க்கலாம். அந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணின் சுய அறிமுகம் எனக்கு உடனே ஞாபகம் வந்தது. அதிலும் ஒரு சொல்லை நகர்த்த முடியாது. யாஸ்கர் கௌத்ஸரை வரிக்கு வரி மறுத்துவிட்டு, பொருள் தெரியாமல் வேதத்தைச் சுமப்பவனைப் பாரம் தாங்கும் கட்டைக்கு ஒப்பிடுகிறார். மாணிக்கவாசகரும் அந்தப் பக்கம்தான். சிவபுராணத்தை முடிக்கும்போது, பாட்டின் பொருள் விளங்கிச் சொல்கிறவர்களுக்குத்தான் சிவன் அடியில் இடம் என்கிறார். கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் கேள்விக்கு வெகு தாமதமாக வந்து சேர்ந்தது. 1962 முதல் 1965 வரை ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்களின் மொழிக்கு வழிவிட்ட பிறகே எங்கள் பக்கத்துக் கோயில்களில் லத்தீன் பூசை தமிழுக்கு வந்தது.

இவர்கள் எல்லோரும் பெரியவர்கள். ஆனாலும் அந்தத் தாய் சொன்னது இவர்கள் வாதத்துக்குள் அடங்காத ஒன்று. பொருள் சொல்கிறவனிடம் இருக்கிறதா இல்லையா என்றுதான் இவர்கள் பார்க்கிறார்கள். பொருள் கேட்கிறவரிடம் இருந்தாலும் போதும் என்கிறார் அவர். அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு உடம்பை லேசாக ஆட்டி ஓதும்போது, தன்னை ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. சொல் விளங்காவிட்டாலும் யாரிடம் சொல்கிறோம் என்பது அவனுக்கு விளங்கியிருக்கிறது. அதனால் அது பேச்சுதான் என்று நான் நம்புகிறேன். அதே பையன் என் முன்னால் ஆங்கிலப் பாட்டுச் சொல்லும்போது இரண்டும் இல்லை. சொல்லும் தெரியாது, யாரிடம் என்பதும் தெரியாது. ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழில் அர்த்தம் எழுதிப் போட்டால் முதல் குறை தீரும். இரண்டாவது குறை அப்படியே இருக்கும். எங்கள் ஆசிரியர் பயிற்சிகளில் முதல் குறையைப் பற்றித்தான் ஓயாமல் பேசுகிறோம். எனக்கு இரண்டாவதுதான் பெரியது.

ஒரு சொல்லுக்குப் பொருள் உண்டு என்பது குழந்தைக்கு முதன்முதலில் எப்படித் தெரியவருகிறது? வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் முறையை ஆராய்ந்த மீமாம்சகர்கள் இதற்கு ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். வீட்டு முற்றத்தில் ஒரு பெரியவர், அவருக்கு இளையவர் ஒருவர், பக்கத்தில் மொழி தெரியாத குழந்தை. பெரியவர் ‘பசுவைக் கொண்டு வா’ என்கிறார். இளையவர் எழுந்து போய்ப் பசுவைக் கொண்டுவருகிறார். ஏதோ ஓசை கேட்டது, அதனால் இவர் எழுந்தார் என்று குழந்தை ஊகிக்கிறது. பிறகு ‘குதிரையைக் கொண்டு வா’, ‘பசுவைக் கட்டு’ என்று சொற்கள் மாறி மாறி வர, எது விலங்கு, எது செயல் என்று பிரித்து எடுத்துக்கொள்கிறது. ஏழாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த குமாரிலரும் பிரபாகரரும் இந்தக் காட்சியை வைத்துக்கொண்டு மோதினார்கள். சொற்கள் முதலில் தனித்தனியே பொருளைத் தந்து, அந்தப் பொருள்கள் பிறகு ஒன்று சேர்ந்துதான் வாக்கியப் பொருள் பிறக்கிறது என்றார் குமாரிலர். செயலோடு கோத்த வாக்கியத்துக்கு வெளியே சொல்லுக்குத் தனிப் பொருளே பிடிபடாது என்றார் பிரபாகரர். ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்று அட்டையைக் காட்டிக் காட்டிக் களைத்த எனக்குப் பிரபாகரர் பக்கம் நிற்கத்தான் தோன்றுகிறது.

ஆனால் அந்தக் காட்சியில் என் கண் போய் நின்றது வேறிடத்தில். குழந்தையிடம் யாரும் பேசவில்லை. இரண்டு பெரியவர்கள் தங்களுக்குள் பேசுகிறார்கள். அவர்களுக்கு உண்மையிலேயே பசு வேண்டும். குழந்தை ஓரமாக உட்கார்ந்து பார்க்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி வாய்ப்பதே இல்லை. இரண்டு பெரியவர்கள் ஒரு தேவைக்காகத் தங்களுக்குள் ஆங்கிலம் பேசி, அதனால் ஒரு காரியம் நடப்பதை அவர்கள் தெருவில் பார்க்க முடியாது. தாத்தா காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன குடும்பங்கள் இங்கே உண்டு. அங்கிருந்து பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து ஆங்கிலம் பேசினால் எங்கள் பிள்ளைகள் வாய் பார்ப்பார்கள். அது வேடிக்கையோடு சரி. பள்ளியில் அவர்கள் காதில் விழும் ஆங்கிலமெல்லாம் மேலிருந்து நேரே அவர்கள் தலையில் இறங்குவதுதான். தலைமை ஆசிரியரும் நானும் பேசிக்கொள்வது தமிழில்.

ஆகவே எங்களுக்குள் சில காரியங்களை மட்டும் ஆங்கிலத்தில் நடத்துவது என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். பீரோ சாவி, வருகைப் பதிவேடு, சாக்பீஸ் டப்பா, மணி. அவருக்கு முதலில் கூச்சம். “நம்ம இங்கிலீஷை நம்மளே கேட்டுக்கிட்டு இருக்கணுமா டீச்சர்?” என்றார். ஆனாலும் செய்தார். பிள்ளைகளுக்கு அதைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை. நான் வகுப்பின் நடுவில் நின்று, ‘சார், கிவ் மீ த கீ, ப்ளீஸ்’ என்பேன். அவர் ஆணியிலிருந்து சாவியை எடுத்துத் தருவார். சில சமயம், ‘நாட் நௌ, டீச்சர்’ என்பார். நான் காத்திருப்பேன்.

என்ன நடந்தது என்றால், பிள்ளைகள் எங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பாடம் நடக்கும்போது பார்க்கும் பார்வை இல்லை அது. வீட்டில் பெரியவர்கள் குசுகுசுவென்று பேசும்போது காதைத் தீட்டிக்கொள்ளும் பார்வை. ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், நான் ‘கீ’ என்று சொல்லி முடிப்பதற்குள் சார் எழுந்திருக்கப்போகிறார் என்று தெரிந்து அவர் முகத்தைப் பார்ப்பான். ஒருநாள் அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தபோது, நான் பதிவேட்டைக் கேட்டேன். அவன் எழுந்து ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்து நீட்டினான். அது பிழையான பொருள்தான். ஆனால் நான் எதையோ வேண்டிக் கேட்கிறேன், அதைத் தான் கொண்டுவந்து தர முடியும் என்ற பெரிய விஷயம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. சாவியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு மறுபடி பதிவேட்டைக் கேட்டேன். சுற்றிப் பார்த்தான். மேசையில் இருந்தவற்றில் நான் கேட்டது சாவி அல்ல, சாக்பீஸ் அல்ல, மணி அல்ல என்று கழித்து, பதிவேட்டை எடுத்தான். மீமாம்சகர் பசுவையும் குதிரையையும் மாற்றிப் போட்டுப் பார்த்தது என் மேசையிலேயே நடந்தது.

இத்தோடு திருப்திப்பட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பசுக் காட்சியில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. ‘கொண்டு வா’, ‘கட்டு’ — எல்லாமே ஏவல். மீமாம்சகர்களுக்கு அது தற்செயல் இல்லை. வேதத்தின் உயிர் விதிவாக்கியத்தில் இருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. விட்கன்ஸ்டைன் 1953இல் வெளிவந்த தம் ‘தத்துவ ஆய்வுகள்’ நூலின் தொடக்கத்தில் கற்பனை செய்யும் குட்டி மொழியும் அப்படித்தான்: கொத்தனார் கல்லின் பெயரைக் கூவுகிறார், சித்தாள் அதைக் கொண்டுவருகிறார், அவ்வளவே மொழி. சித்தாளுக்குத் திருப்பிச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை. அந்தத் தத்துவஞானி 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியக் கிராமங்களில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பிள்ளைகளை அடிக்கும் ஆசிரியர். அவர் அடித்து ஒரு பையன் மயங்கி விழுந்த பிறகுதான் அந்த வேலையை விட்டார். அவருடைய தத்துவத்தை அந்த அடியோடு முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் ஆசிரியையாக அதை மறக்கவும் முடியவில்லை.

எங்கள் மாவட்டத்தில் எந்த அரசுப் பள்ளியில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஆங்கிலத்தில் பிள்ளைகளுக்குத் தெளிவாகப் புரியும் வாக்கியங்கள் சில உண்டு: ஸ்டாண்ட் அப். சிட் டௌன். கீப் கொயட். ஃபிங்கர் ஆன் யுவர் லிப்ஸ். இவற்றுக்கு யாரும் அர்த்தம் எழுதிப் போட்டதில்லை. செயலோடு கோத்து வந்ததால் தாமே விளங்கின. பிரபாகரர் சொன்னது சரி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்த வாக்கியங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால், ஆங்கிலம் என்பது நாம் அடங்குவதற்கான மொழி என்றுதான் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரியவரும். உதட்டில் விரலை வைத்துக்கொள்வதே ஒரு மொழியில் அது கற்கும் முதல் பாடமாக இருந்தால், அந்த மொழியில் அது என்றைக்கு வாய் திறக்கும்?

ஓதிவிட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துத்தான் எனக்கு இதற்கு வழி தெரிந்தது. தொழுகை அரபியில் முடிந்ததும் கையேந்தித் துஆ கேட்கும்போது அதைத் தமிழிலேயே கேட்கிறார்கள். வாப்பாவுக்குத் துபாயில் நல்ல வேலை வேண்டும், உம்மாவுக்குக் கால்வலி போக வேண்டும். நாகூர் ஆண்டவர் சன்னதியிலும் வேளாங்கண்ணி மாதா முன்னாலும் பிள்ளைகள் செய்வது இதுதான்: கேட்கிறார்கள், நேர்ந்துகொள்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். ஏவலுக்கு அடங்குவது மதத்தில் ஒரு பாதி என்றால் கேட்பது மறுபாதி.

எங்கள் ஊரிலேயே இதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. நாகைக் காரோணத்தில், இன்று நீலாயதாட்சி கோயில் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சன்னதியில் சுந்தரர் பாடிய பதிகம் முழுக்க ஒரு பட்டியல். ஊர் ஊராகப் பிச்சை எடுத்துத் திரிகிறவரே என்று சிவனைக் குத்திக் காட்டிவிட்டு, எனக்கு நல்ல துணி வேண்டும், கஸ்தூரி மணக்கும் சந்தனம் வேண்டும், காற்று வேகத்துக் குதிரை வேண்டும், கறியோடு நெய்ச்சோறு மூன்று வேளையும் வேண்டும் என்று கேட்கிறார். கூச்சமே இல்லை. நான் அதை முதலில் படித்தபோது பக்தியா இது என்று திகைத்தேன். இப்போது எனக்கு அதைவிட உறுதியான பக்தி தெரியவில்லை. எதிரே இருப்பவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், மறுத்தாலும் கேட்டுவிட்டுத்தான் மறுப்பார் என்ற நம்பிக்கை இல்லாதவரால் இப்படிப் பேச முடியாது.

வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்ற சிற்றூரில் 354இல் பிறந்த அகுஸ்தீனார் தம் ‘ஒப்புதல்கள்’ நூலில் ஒன்று சொல்கிறார். சிறுவனாக இருந்தபோது அவர் கடவுளிடம் வேண்டியது பள்ளியில் அடி விழக்கூடாது என்பதுதான். வீட்டுப் பெரியவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அதே நூலில், தாதிகளின் கொஞ்சலுக்கும் விளையாட்டுக்கும் நடுவே லத்தீன் தமக்குத் தானாக வந்ததையும், மிரட்டலோடு திணிக்கப்பட்ட கிரேக்கம் கசந்ததையும் எழுதுகிறார். மொழி கற்பிக்கும் எவரும் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போக முடியாது. அந்தச் சிறுவன் கிரேக்கத்தில் வாய் திறக்கப் பயந்த அதே நாட்களில் கடவுளிடம் வாய் திறந்து கேட்டிருக்கிறான். வகுப்பில் கிடைக்காத காது அவனுக்கு அங்கே கிடைத்திருக்கிறது.

ஆகையால் என் வகுப்பில் ஆங்கிலம் கேட்பதில் தொடங்குகிறது. பந்து, ஸ்கிப்பிங் கயிறு, கலர் பென்சில் டப்பா, கதைப் புத்தகங்கள் எல்லாம் ஒரு பெஞ்சின் மேல் இருக்கும். அவற்றுக்கு அன்றைக்குப் பொறுப்பு ஐந்தாம் வகுப்பில் ஒருவர். வேண்டியவர்கள் போய் ஆங்கிலத்தில் கேட்க வேண்டும். பொறுப்பாளர் தரலாம், மறுக்கலாம், ஏன் என்று கேட்கலாம். ‘கிவ் பால் மீ’ என்று கேட்டாலும் பந்து கிடைக்கும். ‘பால்!’ என்று மட்டும் கூவினாலும் கிடைக்கும். இலக்கணத்தை நான் அந்த இடத்தில் திருத்துவதில்லை. இதற்கு எனக்குத் துணிவு தந்தது என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய பெங்களூர்த் திட்டம். பிள்ளைகளின் கவனம் ஒரு காரியத்தை முடிப்பதில் இருக்கட்டும், இலக்கணம் உள்ளே தானாக அமையும் என்பது அவர் துணிபு. அவர் சொன்னது மொழியியல். என் காரணம் வேறு. சொல்லைச் சரியாகச் சொன்னால்தான் கேட்பேன் என்கிறவர் கேட்கிறவரே அல்ல, அவர் பரிசோதகர். உச்சரிப்புத் தப்பினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தெய்வத்திடம் எந்தத் தாயாவது தன் பிள்ளையை அனுப்புவாளா?

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பாட்டும் ஆட்டமுமாக வகுப்பறையை மாற்றியிருக்கிறது. அதை நான் மனதார வரவேற்கிறேன். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையை அதன் இடத்திலேயே சந்திப்பது நல்ல யோசனை. அந்த ஆண்டே தொடங்கிய காலை உணவு, எங்கள் பள்ளிக்கு வந்தபின் பிள்ளைகளின் முகத்தையே மாற்றியது. ஒருநாள் பார்வைக்கு வந்தவர் ஒருவர், என் பெஞ்சு விளையாட்டைப் பார்த்து மகிழ்ந்துபோய், “இதையே சாப்பாட்டுலயும் செய்யலாமே டீச்சர்? ரெண்டாவது கரண்டி உப்புமா வேணும்னா இங்கிலீஷ்ல கேக்கட்டும். ரெண்டே நாள்ல பேசிடுவாங்க” என்றார்.

நான் முடியாது என்றேன். அவர் நல்லவர், பிள்ளைகள் மேல் அக்கறையால்தான் சொன்னார். உண்மைதான், ஒருவேளை சீக்கிரம் பேசிவிடுவார்கள். ஆனால் பசித்தவர் எந்த மொழியில் கேட்டாலும் கேட்டதும் போட வேண்டும். கேட்காமல் தட்டை நீட்டினாலும் போட வேண்டும். பந்து கிடைக்காத பிள்ளை கயிறு ஆடப் போகும். உப்புமா கிடைக்காத பிள்ளை எங்கே போகும்? சோற்றுக்கு முன்னால் ஒரு மொழியைக் காவல் வைத்தால் பிள்ளை அந்த மொழியைக் கற்கலாம். அதில் ஒருநாளும் சுந்தரரைப்போல் கேட்காது, கெஞ்சத்தான் செய்யும். இந்த இடத்தில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. சாப்பாட்டு நேரம் எங்கள் பள்ளியில் முழுக்கத் தமிழ்.

தமிழில் பேசினால் அபராதம் போடும் தனியார் பள்ளிகளைப் பற்றியும் எனக்கு இதே கோபம்தான். விட்கன்ஸ்டைன் அகுஸ்தீனாரைப் பற்றி ஒரு கூர்மையான குறிப்பு எழுதியிருக்கிறார்: குழந்தை ஏற்கெனவே ஒரு மொழி தெரிந்துகொண்டு, மொழி தெரியாத அந்நிய நாட்டுக்கு வந்ததைப் போல அகுஸ்தீனார் எழுதுகிறார் என்று. குறையாகச் சொன்னது அது. ஆனால் என் பிள்ளைகளுக்கு அது அட்சரம் பிசகாமல் பொருந்துகிறது. அவர்கள் ஒன்றும் தெரியாமல் வரவில்லை. கேட்கவும் மறுக்கவும் பொய் சொல்லவும் கோபிக்கவும் மன்றாடவும் ஒரு முழு மொழியோடு வருகிறார்கள். அந்த மொழியில்தான் தனக்கு என்ன வேண்டும் என்பதே பிள்ளைக்குத் தெரியும். அதை வாசலில் பிடுங்கி வைத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் கேட்பதற்கு அதனிடம் ஒன்றும் இருக்காது.

மனப்பாடத்தை நான் முழுக்க ஒதுக்குகிறேன் என்று தலைமை ஆசிரியருக்கு ஒரு வருத்தம். அவர் சிறுவயதில் ஓதுவார் ஒருவரிடம் தேவாரம் பயின்றவர். “அப்ப எனக்கு ஒண்ணும் புரியல. எங்கப்பா தவறினப்பதான் அந்தப் பாட்டெல்லாம் வந்து பக்கத்துல நின்னுது” என்றார். அவர் சொன்னதை நான் நம்புகிறேன். எனக்கும் அப்படி நேர்ந்ததுண்டு. ஆனால் தேவாரத்தைச் சுற்றி ஒரு வாழ்க்கை இருந்தது: கோயில், திருவிழா, சாவு, பாடுகிற வேறு குரல்கள். அன்று விளங்காதது விளங்குவதற்கு அவருக்கு நாற்பது வருஷமும் ஓர் ஊரும் கிடைத்தன. இரண்டாம் வகுப்பில் சொன்ன ஆங்கிலப் பாட்டுக்கு அப்படி ஓர் ஊர் எங்கள் பக்கத்தில் இல்லை. அதைச் சுற்றி ஒரு சின்ன ஊரையாவது முதலில் நாம் கட்டித் தர வேண்டும். பிறகு பாட்டும் பாடட்டும். பாடும் சுகத்தை அவர்களிடமிருந்து பறிக்க நான் யார்?

போன பருவத்தில் நடந்தது இது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். தலைமை ஆசிரியர் ஒரு கடிதத்தை நீட்டி, அதைச் சத்துணவுக் கூடத்தில் கொடுத்துவிட்டு வரச் சொன்னார், ஆங்கிலத்தில். பையன் நிமிராமலே, ‘நோ சார், ஐ ஆம் ரைட்டிங்’ என்றான். குரலில் துடுக்கு இல்லை. இருந்ததைச் சொன்னான். அவர் ஒரு கணம் நின்றார், பிறகு தாமே எடுத்துக்கொண்டு போனார்.

மாலையில் பதிவேடுகளை மூடும்போது அவர் அதைப் பற்றிப் பேசினார். “அவன் இதையே தமிழ்ல சொல்லியிருந்தா நான் பொறுத்திருக்க மாட்டேன் டீச்சர். அவனும் சொல்லியிருக்க மாட்டான்.” அதில் இருந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்கு மதிப்புக் கூடியது. குருவிடம் மறுத்துப் பேசலாமா என்பது அவருடைய கேள்வி, இலேசான கேள்வி இல்லை. ஓதிக்கொடுத்தவர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்று வளர்ந்தவர் அவர். நான் சுந்தரரைத்தான் சொன்னேன். அவர் அப்படிக் குத்திக் காட்டிக் கேட்டதும் தமிழில்தான், அதுவும் தெய்வத்திடம். இந்தப் பையனுக்குத் தமிழில் வராத ஒரு ‘இல்லை சார்’ ஆங்கிலத்தில் வந்திருக்கிறது என்றால், அவன் தமிழிலும் நம்மிடம் அதைச் சொல்லும்படி நாம் இருக்க வேண்டும் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். சரி, ஆனால் ‘சாரி சார்’ என்று சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள் என்றார். பழக்கலாம், நாம் இருவரும் ஒருவரிடம் ஒருவர் ‘சாரி’ சொல்வதை அவர்கள் முதலில் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கு அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை.